தோட்டத்து மெதடிஸ்ட் சபை: எப்படி வந்தது, எங்கே தேடுவது

கேள்வி இது: "என் தாத்தா 1934-இல் மலாயாவில், பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். அங்கேயே குழந்தை ஞானஸ்நானமும் நடந்தது. அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி வந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. தோட்டம் இப்போது இல்லை. பக்கத்து டவுனில் ஒரு தமிழ் மெதடிஸ்ட் சபை இருக்கிறது. ஆனால் திருநெல்வேலியில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சிஎஸ்ஐ. நாங்கள் மட்டும் எப்படி மெதடிஸ்ட் ஆனோம்? வெள்ளைக்காரப் பாதிரியார் தோட்டத்துக்கு வந்து சேர்த்தாரா? இந்த வரலாற்றை எங்கே தேடுவது?"

இதே கேள்வியோடு எங்கள் சபை வாசலுக்கு வந்தவர்கள் பலர். பேராக்கில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு தோட்டத்து டவுனில் 22 வருடம் சபைச் செயலாளராக இருந்து பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவன் நான். பிறந்ததும் லயத்து வீட்டில்தான், அதாவது தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீட்டில். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சிஎஸ்ஐ குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உங்கள் தாத்தா பிறந்த 1934-இல் சிஎஸ்ஐ என்ற திருச்சபையே கிடையாது. ஆங்கிலிக்கன் சபைகள், இங்கிலாந்து வெஸ்லியன் மெதடிஸ்ட் சபைகள், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபையானது 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி. அதற்கு முன்னால் திருநெல்வேலிப் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலிக்கன்கள். ஊரில் வேலை செய்த இங்கிலாந்து மிஷன் சங்கத்தைப் பொறுத்து எஸ்பிஜி அல்லது சிஎம்எஸ் என்று சொல்லிக்கொள்வார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறிய பிறகு ஊரில் நடந்த இணைப்பு அது. மலாயாவில் அந்த இணைப்பு நடக்கவில்லை. இங்கே வந்து இறங்கியவர்கள், தமிழில் ஆராதனை எங்கே கிடைத்ததோ அங்கே போய் உட்கார்ந்தார்கள். சில ஊரில் அது ஆங்கிலிக்கன், சில ஊரில் லுத்தரன், சில ஊரில் மெதடிஸ்ட். உங்கள் குடும்பம் வேலை செய்த தோட்டத்துக்குப் பக்கத்தில் மெதடிஸ்ட் உபதேசியார் (குருப்பட்டம் பெறாத சபை ஊழியர்) ஒருவர் இருந்திருக்கிறார். காரணம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

அப்புறம், மலாயாவுக்கு மெதடிஸ்ட் திருச்சபை வந்த வழியைப் பலரும் தப்பாக நினைக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து நேராக வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி என்பதால் இங்கிலாந்திலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. வந்தது இந்தியா வழியாக. மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை அமெரிக்கத் திருச்சபைதான். ஆனால் சிங்கப்பூருக்கு ஆள் அனுப்பியது அதன் தென்னிந்திய கான்பரன்ஸ், அதாவது வட்டார மாநாடு. 1884 கடைசியில் ஹைதராபாத்தில் கூடியபோது எடுத்த முடிவு அது. அனுப்பப்பட்ட வில்லியம் ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர், முன்பு நில அளவையாளராக வேலை பார்த்தவர். கல்கத்தாவில் ஊழியம் செய்த ஜேம்ஸ் தோபர்ன் அவரைக் கூட்டிக்கொண்டு 1885 பிப்ரவரி 7-ஆம் தேதி சிங்கப்பூரில் இறங்கினார். சில ஆண்டுகளுக்கு இந்தியாவிலிருந்துதான் இந்த மிஷனுக்கு நிர்வாகம். 1889-இல்தான் தனி மிஷனாக ஆனது.

அதன் பிறகு அவர்கள் பள்ளிக்கூடங்களோடு வடக்கே வந்தார்கள். சிங்கப்பூரில் ஆங்கிலோ சைனீஸ் பள்ளி 1886, பினாங்கில் 1891, கிள்ளானில் 1893, ஈப்போவில் 1895, கோலாலம்பூரில் மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளி 1897, தெலுக் ஆன்சனில் 1899. இந்த ஊர்களை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: துறைமுகம், ஈயச் சுரங்க டவுன், ரயில் நிலையம். மிஷனரிகள் டவுனில் இருந்தார்கள், ஆங்கிலத்தில் பாடம் நடத்தினார்கள், சீனர்களிடமும் மலாய் பேசும் மக்களிடமும் வேலை செய்தார்கள். டவுனிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல் செம்மண் சாலையில் உள்ளே போய், லயத்து வாசலில் உட்கார்ந்து தமிழில் ஜெபிக்க அவர்களிடம் ஆள் இல்லை. அதைச் செய்தவர்கள் தமிழர்கள்தான். உங்கள் கேள்வியில் வரும் 'வெள்ளைக்காரப் பாதிரியார்' ஞானஸ்நான நாளில் வந்திருக்கலாம். சபையை உண்டாக்கியவர்கள் வேறு ஆட்கள்.

அவர்கள் இரண்டு வழியாக வந்தார்கள். ஒரு வழி யாழ்ப்பாணம். அங்கே இங்கிலாந்து வெஸ்லியன் மெதடிஸ்ட் மிஷன் 1814-இலேயே வந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து அமெரிக்க மிஷனும் வந்தது. மூன்று நான்கு தலைமுறையாக ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் மலாயா ரயில்வேயிலும், நில அளவை இலாகாவிலும், தோட்டத்து ஆபீசிலும், ஆஸ்பத்திரியிலும் வேலைக்கு வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கிராணி (ஆபீஸ் குமாஸ்தா), டிரெஸர் (ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளர்). அவர்களில் கிறிஸ்தவர்களாக இருந்தவர்களுக்கு ஜெபக்கூட்டம் நடத்தத் தெரியும், கணக்கு எழுதத் தெரியும், மிஷனரியோடு ஆங்கிலத்தில் பேசத் தெரியும். டவுன் சபைகள் பலவற்றின் ஆரம்பம் இவர்கள் வீட்டு முன்னறையில்தான்.

இன்னொரு வழி நாகப்பட்டினம், தோட்டத் தொழிலாளிகள் கப்பலேறிய துறைமுகம். ரப்பர் நாற்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து கோல கங்சாரிலும் நடப்பட்டன. தோட்டமாகப் பெருகியது 1890-களுக்குப் பிறகு. 1910 வாக்கில் ரப்பர் விலை உச்சிக்குப் போனபோது காடெல்லாம் தோட்டமானது. அதே 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வந்தது. அதன் பிறகு பெரும்பாலும், தொழிலாளிகளை மேற்பார்க்கும் கங்காணியே தன் சொந்த ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்தார். கங்காணி கிறிஸ்தவராக இருந்தால், ஒரே கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் நாலைந்து ஒரே லயத்துக்கு வந்து சேரும். திருநெல்வேலி ஆங்கிலிக்கன்கள், தரங்கம்பாடி லுத்தரன்கள், மன்னார்குடி, திருச்சி பக்கத்து வெஸ்லியன்கள் என்று கலந்து வந்தார்கள். நாகப்பட்டினத்திலேயே வெஸ்லியன் மிஷன் இருந்தது. கப்பலேறிய துறைமுகத்தில் மெதடிஸ்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி கத்தோலிக்கர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்; அவர்கள் கதை தனி.

மெதடிஸ்ட் முறைக்கும் தோட்டத்து வாழ்க்கைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1739-இல் பிரிஸ்டல் பக்கம் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் வெட்டவெளியில் நின்று பிரசங்கம் செய்தவர். 1742-இல் அதே பிரிஸ்டலில் சபைக் கட்டடத்தின் கடனை அடைக்க ஒரு வழி செய்தார்கள்: பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. பணம் வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள், அந்த வீட்டு நிலைமையையும் ஆத்துமாவையும் விசாரிக்கத் தொடங்கினார்கள். அதுதான் 'வகுப்புக் கூட்டம்' ஆனது. குருப்பட்டம் பெற்ற ஐயர் (போதகர்) இல்லாமலே, படிப்பு அதிகம் இல்லாத ஒருவர் பத்துப் பேரை வழிநடத்தலாம் என்ற ஏற்பாடு அது.

இதை ஒரு ரப்பர் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். விடியற்காலை இருட்டில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பேர் கூப்பிட்டு முடிந்ததும் பால்வெட்டுக்குப் போக வேண்டும். மத்தியானம் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, வீட்டுக்கு வந்தால் உடம்பு ஓய்ந்துவிடும். மழை பெய்து வேலை நின்ற நாளை ஈடுகட்ட ஞாயிற்றுக்கிழமையும் மரத்தடிக்குப் போகச் சொல்வார்கள். டவுனுக்கு நடந்து போய்க் காலை ஆராதனையில் உட்காருவது நடக்கிற காரியமா? ஆகவே சபை லயத்துக்கு வந்தது. சாயங்காலம் ஒரு வீட்டுத் திண்ணையில் மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு பாய், வாசிக்கத் தெரிந்த ஒருவர். மாதம் ஒரு தடவை உபதேசியார் சைக்கிளில் வருவார். எப்போதாவது பட்டம் பெற்ற ஐயர் வந்து ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுப்பார்.

உங்கள் தாத்தாவின் பதிவைத் தேடும்போது இது உதவும். ஐயர் வருகிற நாளுக்காகக் குழந்தைகள் காத்திருக்கும். அதனால் எங்கள் பழைய பதிவேட்டில் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. பிறகு ஒரே தேதியில் ஒரு பக்கம் முழுக்க ஞானஸ்நானம் இருக்கும். கைக்குழந்தையும் நாலு வயதுப் பிள்ளையும் அடுத்தடுத்த வரியில். பிறந்த தேதி கேட்டால் பெற்றோர் 'தைப் பொங்கலுக்கு முந்தின வாரம்' என்று சொல்லியிருப்பார்கள். எழுதியவர் அதை ஒரு ஆங்கிலத் தேதியாக ஆக்கியிருப்பார். ஞானஸ்நானத் தேதியை நம்பலாம். பிறந்த தேதியை அவ்வளவு நம்ப வேண்டாம்.

சம்பளத்தையும் சொன்னால்தான் இந்தச் சபைகள் எதைக் கொண்டு நடந்தன என்று புரியும். 1920-களின் கடைசியில் முக்கியமான தோட்டப் பகுதிகளில் நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் குறைத்தார்கள். லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை அந்த ஆண்டுகளில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். உங்கள் தாத்தா பிறந்தது அந்த விலைச்சரிவின் வால் பகுதியில். அந்தக் கூலியில் காணிக்கைப் பைக்குள் என்ன விழும்? சபையைத் தாங்கியது கைப்பிடி அரிசி. அம்மா அதைச் செய்ததை நான் பார்த்து வளர்ந்தேன். உலை கொதித்ததும் அரிசி அளந்து எடுப்பார். எடுத்ததிலிருந்து ஒரு கைப்பிடியை அள்ளி, அடுப்புக்கு மேலே மரப்பலகையில் இருக்கும் பழைய பால்மாவு டின்னில் போட்டு மூடிவிட்டுத்தான் மீதியை உலையில் போடுவார். டின் நிறைந்ததும் துணியில் முடிந்து சபைக்கு எடுத்துப் போவார். அங்கே எல்லாருடைய அரிசியையும் ஒன்றாகக் கொட்டிச் சபையாருக்கே விற்பார்கள். பல வீட்டு அரிசி கலந்ததால் அது ஒரே மாதிரி வேகாது. வாங்கிப் போனவர்கள் அதில் கஞ்சிதான் வைப்பார்கள். அந்தப் பணத்தில்தான் உபதேசியாரின் சைக்கிள் டயர், விளக்கெண்ணெய், பிரசவத்துக்குப் போன குடும்பத்துக்கு உதவி. மாதர் சங்கத்துக்குப் பின்னாளில் ஆங்கிலப் பெயரும் ரசீதுப் புத்தகமும் வந்தன. வேலை அதே வேலைதான்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று. 'பைபிள் உமன்' என்று அழைக்கப்பட்ட வேதாகமப் பெண்கள் லயத்துக்கு வருவார்கள். ஆண்கள் கள்ளுக்கடைப் பக்கம் போயிருக்கும் நேரம் அது. பாட்டுப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கற்றுக்கொடுப்பார்கள்: பாட்டு ஏற்கெனவே மனப்பாடம், விரலை வரிமேல் வைத்து நகர்த்தினால் எந்தச் சொல் எது என்று தானே பிடிபடும். என் பாட்டி அப்படித்தான் வாசிக்கக் கற்றார். கையெழுத்துப் போட வராது, ஆனால் வேதாகமத்தில் சங்கீதம் வாசிப்பார். தோட்டத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்ற சட்டம் பிள்ளைகளுக்கு மட்டும்தான். பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இந்த அம்மாக்களை விட்டால் ஆள் இல்லை.

எல்லாம் ஒற்றுமையாக இருந்தது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. கிராணி குடும்பங்கள் முன்பெஞ்சில், பால்வெட்டுக்காரர்கள் பின்னால். யாழ்ப்பாணத்தார், ஊர்க்காரர் என்ற பேச்சும் உண்டு. கல்யாணம் பேசும்போது ஊரில் விட்டுவந்த சாதி எழுந்து வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் செயலாளராக இருந்த காலத்திலும் அந்த வாசனை முழுதாகப் போகவில்லை. ஆனால் பாட்டி ஒன்று சொல்வார்: திருவிருந்தில் ஒரே பாத்திரம் கைமாறி வந்த அந்த ஒரு நேரத்தில், தனக்கு முன்னால் குடித்தவர் பெரிய கிராணியின் மனைவி. வெளியே அந்த அம்மா வீட்டுப் பின்வாசல் வழியாகத்தான் பாட்டி உள்ளே போக முடியும். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்துத்தான் வரலாறு எழுத வேண்டும்.

1938-இல் இந்திய அரசு தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதிலிருந்து சபைக்குப் புது ஆட்கள் என்றால் அது இங்கே பிறக்கும் பிள்ளைகள்தான். மூன்றே ஆண்டில் ஜப்பான்காரன் வந்தான். அமெரிக்க மிஷனரிகளில் சிலர் முன்கூட்டியே கிளம்பினார்கள். இருந்தவர்கள் சிங்கப்பூரில் சாங்கி முகாமில் அடைக்கப்பட்டார்கள். சபைகளை நடத்தியவர்கள் தமிழ் ஐயர்களும் உபதேசியார்களும் மூப்பர்களும். பிறகு வந்த தன்னாட்சி எல்லாம் காகிதத்தில் நடந்தது. கையால் நடத்திப் பழகியது அந்த மூன்றரை வருடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் காலத்தில்தான் தோட்டங்களிலிருந்து ஆட்களைப் பிடித்து, சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். 415 கிலோமீட்டர் பாதை, பல்லாயிரம் தமிழர்கள், காலராவும் பட்டினியும். எங்கள் பதிவேட்டில் 1942-க்குப் பிறகு புது நோட்டு கிடையாது, காகிதம் கிடைக்கவில்லை. தோட்டத்து செக்ரோல் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, நூலால் தைத்து உள்ளே சேர்த்திருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஆள் பேரும் வேலை நாளும், மறுபக்கம் ஞானஸ்நானம். அந்தத் தாள்களில் கடைசியாக ஒன்று, பென்சிலில் எழுதியது. மேலே 'சயாம்' என்ற ஒரே சொல். கீழே வரிசையாகப் பெயர்கள். தேதி இல்லை, தகப்பன் பெயர் இல்லை. வெகு சில பெயர்களுக்கு நேரே மட்டும், வேறு மையில், 'வந்தார்' என்று எழுதியிருக்கிறது. மற்றப் பெயர்களுக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. இறந்தார் என்று எழுத எழுதியவருக்குக் கை வரவில்லை போலும். அடக்கப் பதிவேட்டில் அந்தப் பெயர்கள் எதுவும் கிடையாது, ஏனென்றால் அடக்க ஆராதனை நடக்கவில்லை.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி, அதற்கு எதிரான அவசரகாலம். 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்ட துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அது தொடங்கியது. லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்வேலி போட்டார்கள். சாயங்காலம் ஊரடங்கு. திண்ணை ஜெபக்கூட்டம் அதோடு நின்றது. சைக்கிளில் வரும் உபதேசியார் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். இந்தச் சமயத்தில் டவுன் சபை பெரிதானது. ஞாயிறன்று தோட்டத்து லோரியில் ஆட்கள் டவுனுக்கு வந்து சேர்ந்தார்கள். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். எங்கள் உறுப்பினர் பட்டியலில் அந்த ஆண்டுகளில் 'தாயகம் சென்றார்' என்று கோடு போட்ட பெயர்கள் வரிசையாக வரும். நாற்பது வருடம் மலாயாவில் இருந்தவருக்கு எது தாயகம் என்று அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன்.

தோட்டத்துக் கோயில்கள் (கிறிஸ்தவ ஆலயங்களைத்தான் சொல்கிறேன்) ஏன் காணாமல் போயின, டவுன் கோயில் மட்டும் ஏன் நிற்கிறது என்பதற்கு வருகிறேன். உங்கள் தேடலில் இதுதான் அதிகம் குறுக்கே வரும். தோட்டத்துக்குள் இருந்த கோயில் நின்றது கம்பெனி நிலத்தில். பலகைச் சுவர், தகரக் கூரை. வாரநாளில் பள்ளிக்கூடம், ஞாயிறு கோயில். துரை வாய்வார்த்தையாகக் கொடுத்த இடம், கிராண்ட் (நிலப் பட்டா) கிடையாது. டவுன் கோயிலுக்கு மட்டும் திருச்சபை டிரஸ்டிகள் பெயரில் கிராண்ட் இருந்தது. 1950-களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது சிலது போனது. மலாயா இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தொழிலாளிகளையே தோட்டம் வாங்க வைத்தது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்தார்கள்; ஆள் தேவை குறைந்தது. 1980-களிலிருந்து தாமான் (குடியிருப்புப் பகுதி) கட்ட நிலம் கை மாறியது. லயம் இடிந்தபோது கோயிலும் இடிந்தது. மாரியம்மன் கோயில்களுக்கும் இதே கதிதான். அவர்களும் நாங்களும் ஒரே நோட்டீஸை வாங்கியவர்கள்.

எங்கள் தோட்டத்துக் கோயிலுக்கு நோட்டீஸ் வந்து முப்பது நாள் கொடுத்தார்கள். இழப்பீடு ஒன்றும் இல்லை. கடைசி வாரம் மாதர் சங்கத்தார் பாத்திரங்களையும் பாய்களையும் எடுத்தார்கள். வாலிபர்கள் பிரசங்க மேடையைக் கழற்றினார்கள். அது ரப்பர் பெட்டிப் பலகையில் ஒரு தோட்டத்துத் தச்சர் செய்தது. உட்பக்கத்தில் கம்பெனியின் முத்திரை எழுத்துகள் கறுப்பாகத் தெரியும். லோரியில் ஏற்றி டவுன் கோயிலுக்குக் கொண்டுவந்தோம். இன்றைக்கும் ஞாயிறு பள்ளி அறையில் இருக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் கலர் பென்சில் வைக்கிறார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை, வேலை செய்துகொண்டிருக்கும் வரை அது உளுத்துப்போகாது.

இனி, தேடும் வழி.

சபையின் பெயரே உங்களுக்கு ஒரு காலக்கணக்கு. 1939 வரை அமெரிக்கத் தாய்ச்சபையின் பெயர் மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல். அந்த ஆண்டு அங்கே மூன்று பிரிவுகள் இணைந்து வெறும் மெதடிஸ்ட் என்று ஆனது. 1968-இல் மலேசிய, சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபை தன்னாட்சி பெற்றது. யாப் கிம் ஹாவ் முதல் ஆசியப் பிஷப். 1976-இல் இரண்டு நாட்டுக்கும் தனித்தனித் திருச்சபை. ஆகவே ரப்பர் ஸ்டாம்பிலோ அடிக்கல்லிலோ 'எபிஸ்கோப்பல்' என்று இருந்தால் போருக்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் தாத்தாவின் சான்றிதழ் எங்காவது இருந்தால் அதில் இந்தச் சொல்தான் இருக்கும். சிஎஸ்ஐ சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு வேறு ஏதோ சபை என்று நினைக்க வேண்டாம்.

மெதடிஸ்ட் முறையில் ஐயர் ஒரே சபையில் நிலையாக இருக்க மாட்டார். ஆண்டு கான்பரன்ஸில் யார் எந்த ஊருக்கு என்று அப்பாயிண்ட்மெண்ட் வாசிப்பார்கள். வாசித்த ஊருக்குப் போக வேண்டும். அதனால் இப்போதிருக்கும் போதகரிடம் 1934-ஐப் பற்றிக் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பழைய செயலாளர் யார், பொருளாளர் யார், மாதர் சங்கத்தில் மூத்த அம்மா யார் என்று கேளுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகு போனால் நல்லது. அவசரப்படாமல் உட்கார்ந்து டீ குடித்தால் பெட்டியைத் திறப்பார்கள்.

பதிவேட்டில் பெயர் தேடும்போது இரண்டு சிக்கல். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆட்கள் கூப்பிட்ட பெயர் இன்னொன்று. பழைய துரை பெயரிலோ, அங்கிருந்த ஆற்றின் பெயரிலோ, பெரிய கங்காணி பெயரிலோ தமிழில் ஒரு பெயர் இருக்கும். பதிவேட்டில் எழுதியது ஆங்கிலப் பெயர். உங்கள் வீட்டில் சொல்லும் பெயர் அதில் இருக்காது. ஆகவே டவுனில் வயதானவர்களிடம் முதலில் அந்த இரண்டு பெயரையும் பொருத்திக்கொள்ளுங்கள். அடுத்தது ஆள் பெயர். ஐசியில் (அடையாள அட்டையில்) ஒன்று, ஞானஸ்நானப் பெயர் ஒன்று, லயத்தில் கூப்பிட்டது ஒன்று. அந்தோணி என்ற ஒரே பெயரைக் கிராணிமார் நாலு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயரைவிட ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்கள் நல்ல துப்பு: பெரும்பாலும் அதே லயத்துக்காரர், அதே ஊர்க்காரர். அந்தப் பெயரைப் பிடித்தால் திருநெல்வேலியில் எந்த ஊர் என்பதுகூடத் தெரியவரலாம்.

சபையில் இல்லையென்றால், கான்பரன்ஸ் ஆண்டறிக்கைகளில் எந்த ஊருக்கு எந்த ஆண்டு யார் நியமிக்கப்பட்டார் என்று இருக்கும். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் ட்ரூ பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மெதடிஸ்ட் ஆவணக் காப்பகத்தில் மிஷன் அறிக்கைகள் இருக்கின்றன. கடிதம் எழுதிக் கேட்கலாம். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அதில் 1935-இல் தொடங்கிய தமிழ் முரசும் உண்டு. டவுன் பெயரை அன்றைய ஆங்கில எழுத்துமுறையில் போட்டுத் தேடுங்கள்; கோயில் திறப்பு விழா, கிராணி வீட்டுக் கல்யாணம், மரண அறிவிப்பு என்று ஏதாவது அகப்படும். தொழிலாளி பெயர் அதில் வராது. அதற்குச் சபைப் பதிவேடுதான்.

இடுகாட்டையும் விடாதீர்கள். தோட்டத்து இடுகாடு செம்பனைக்குள் இன்னும் இருக்கலாம். தனியாகப் போக வேண்டாம், செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டுப் போங்கள், பாம்புக்குப் பயந்து பூட்ஸ் போடுங்கள். சிமெண்ட் சிலுவையில் ஈரம் காயும் முன் ஆணியால் கீறிய எழுத்து பாசிக்குள் இருக்கும். தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். சுண்ணாம்போ ஆசிட்டோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும்.

கொள்ளுத்தாத்தாவைப் பற்றிக் கேட்டீர்கள். அடக்கப் பதிவேட்டில் அவரைத் தேட வேண்டாம். பதிவேட்டின் கடைசித் தாள்களைப் புரட்டச் சொல்லுங்கள், அட்டைக்கு உட்பக்கம் ஒட்டியிருப்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் சபையில் இருப்பது போல ஒரு பட்டியல் மற்றச் சபைகளிலும் இருக்கலாம். அதில் ஞானஸ்நானப் பெயர் இருக்காது, லயத்தில் கூப்பிட்ட பெயர்தான் இருக்கும். அதனால் போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் மூத்த அத்தையிடம் கேட்டு, அவரை எல்லாரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள்.